பத்துச் சொற்களின் கணக்கு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஸ்குவிரல் ஹில் பகுதியில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றினேன். அங்கே தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் மருந்து விவரங்களுக்கு இணையாகச் சமையலறை விதிகளும் இருந்தன. பால் சேர்ந்த உணவுக்கும் இறைச்சி உணவுக்கும் பாத்திரங்கள், தட்டுகள், கழுவும் தொட்டிகள் எல்லாமே தனித்தனி. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பே மின்பொத்தானை அழுத்துவதைக்கூடத் தவிர்க்கும் ஷபாத் எனப்படும் ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதன் பிறகு யாரும் பொத்தானை அழுத்தத் தேவையில்லாதபடி லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தானாகவே நின்று செல்லும். அழைப்பு மணியை அழுத்தத் தயங்கும் பெரியவர்களின் அறைகளுக்கு அவர்கள் அழைக்கும் முன்பே நாங்கள் போய்ப் பார்த்து வருவோம்.

சனிக்கிழமைக் காலையில் எங்களுக்கு முதன்மையான வேலை, வழிபாட்டுக்கு வர விரும்பியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சக்கர நாற்காலியில் கீழ்த்தள அறைக்குக் கொண்டு சேர்ப்பது. கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த யூதர் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். பத்துப் பேர் கூடாவிட்டால், இறந்தவர்களுக்காகச் சொல்லப்படும் காதிஷ் என்னும் இறைப்புகழ்ச்சியைச் சொல்ல இயலாது. உடல்நிலை சரியில்லாத ஓர் அம்மாவைப் படுத்திருக்கும்படி நான் வற்புறுத்திய ஒரு நாள், “நான் போகாவிட்டால் அங்கே ஒன்பது பேர்தான் இருப்பார்கள், கணவரை இழந்த ஒருத்தி காதிஷ் சொல்லக் காத்திருக்கிறாள்” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போர்வையைச் சுற்றி நானே அவரை அழைத்துச் சென்றேன்.

அந்த அறையில் ஆட்களை எண்ணும் பொறுப்பைத் தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பெரியவர் ஏற்றிருந்தார். மரே அவென்யூவில் முன்பு கடை வைத்திருந்தவர். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணியதே இல்லை. ஒவ்வொருவரையும் பார்த்து எபிரேயச் சொல் ஒன்றைச் சொல்வார். பத்தாவது சொல் முடிந்ததும் தலையசைத்துப் புத்தகத்தைத் திறப்பார். நான் காரணம் கேட்டபோது, மனிதர்களை எண்ணிக்கை வைத்து எண்ணுவது தங்கள் மரபில் தவிர்க்கப்படுகிறது என்றும், அதனால் சங்கீதம் எனப்படும் வேதப் பாடல்களிலிருந்து பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வதாகவும் விளக்கினார். உம் மக்களைக் காத்து அவர்களைச் சுமந்து செல்லும் என்று இறைவனை வேண்டும் வசனம் அது. பணி மாறும்போதெல்லாம் இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்களாகவே சொல்லிப் பழகிய எனக்கு அந்த வழக்கம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை. எங்கள் இல்லத்தில் வழிபாடு தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், தெருவில் காவல் வாகனங்களின் ஒலி ஓயாமல் கேட்டது. பிறகு கதவுகளைப் பூட்டும்படியும், எவரும் வெளியே செல்ல வேண்டாமென்றும் அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியைப் போடலாமா என்று ஊழியர்கள் தயங்கி நின்றபோது, உயிர் தொடர்பான விஷயத்தில் ஓய்வு நாளின் விதிகள் விலகி நிற்கும் என்று அந்தப் பெரியவரே சொன்னார். மூன்று சபைகள் ஒரே கட்டடத்தில் கூடி வழிபட்டுவந்த ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ என்னும் யூத ஜெப ஆலயத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து சுட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மதியத்துக்குள் எண்ணிக்கை வரத் தொடங்கியது. அன்று கொல்லப்பட்டவர்கள் பதினொரு பேர். அந்தத் திரையில் எண் ஏற ஏறப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலை 9:45 மணிக்குத் தொடங்கும் வழிபாட்டுக்குத் தவறாமல் நேரத்துக்கு வருபவர்களே பெரும்பாலும் அந்த வேளையில் உள்ளே இருந்தார்கள் என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. 97 வயது மூதாட்டி ஒருவர். வாசலில் நின்று வருவோரை வரவேற்பதைத் தங்கள் கடமையாகவே கொண்டிருந்த சகோதரர் இருவர். எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடுவதற்கே பலர் அஞ்சிய ஆண்டுகளில் கையுறை இல்லாமல் அவர்களின் கையைப் பற்றியவர் என்று அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் நினைவுகூர்ந்த மருத்துவர் ஒருவர். பத்துப் பேர் கூட வேண்டுமே என்று முன்கூட்டியே வந்து அமர்பவர்கள் இத்தகையவர்கள்தாம். போர்வை சுற்றிக்கொண்டு வந்த எங்கள் அம்மா வேறு ஒரு கட்டடத்தில் வழிபட்டார் என்பதைத் தவிர அவருக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

கொலை செய்தவனின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லா இனத்து அகதிகளுக்கும் உதவிவரும் ஹையாஸ் என்னும் யூத அமைப்பின் மீதுதான் தன் வெறுப்பை அவன் இணையத்தில் கொட்டியிருந்தான். அந்த ஆலயத்தில் கூடிய சபைகளுள் ஒன்றான டோர் ஹடாஷ், அதற்கு முந்தைய வாரம்தான் அகதிகளுக்கான ஷபாத்தில் பங்கேற்றிருந்தது. எங்களோடு உதவிச் செவிலியராக இருந்த பெண் பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட நேபாளி மொழிக் குடும்பத்தில், நேபாளத்தின் அகதி முகாமில் பிறந்தவர். விமான நிலையத்தில் தங்களை வரவேற்று, வீடு பார்த்துக் கொடுத்து, குளிருக்குக் கோட்டு வாங்கித் தந்தவர்கள் யூத அமைப்பினர் என்று முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று மருந்து அறையில் அழுதுகொண்டே, “அக்கா, எங்களை வரவழைத்ததற்காகவா இவர்களைக் கொன்றான்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பணி நேரம் முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகாமல், பயந்து நடுங்கிய மூதாட்டி ஒருவரின் அருகில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

இறந்தவரின் உடலை அடக்கம் வரை தனியே விடக் கூடாது என்பது யூத மரபு. நம் ஊர்களிலும் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். உடலைக் கழுவி, வெண்ணிறத் துணி உடுத்தி, அருகிலிருந்து சங்கீதம் படிக்கும் தன்னார்வலர்கள் அந்த நகரில் எப்போதும் உண்டு. அந்த வாரம் அவர்களுக்கு ஓய்வே இல்லை. இறந்தவரிடமிருந்து நன்றியை எதிர்பார்க்க முடியாததால், இதைத்தான் கலப்பற்ற அன்புச் செயல் என்று அவர்கள் சொல்கிறார்கள். முப்பது ஆண்டு செவிலியர் பணியில் எத்தனையோ உடல்களைக் கழுவிய எனக்கு அந்தச் சொல் நெஞ்சைத் தொட்டது.

என் தொழில் சார்ந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காயத்தோடு பிடிபட்ட அந்த மனிதனுக்கு மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர்களில் யூதர்களும் இருந்தனர். யூதரான செவிலியர் ஒருவர், தன் சமயத்தை அவனிடம் காட்டிக்கொள்ளாமல் அவனைப் பரிவோடு கவனித்ததைப் பின்னர் எழுதினார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என் கை நடுங்காமல் இருந்திருக்குமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

அன்று மாலையே ஃபோர்ப்ஸ், மரே அவென்யூக்கள் சந்திக்கும் இடத்தில், அப்பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏற்பாடு செய்த அஞ்சலியில் பெருங்கூட்டம் திரண்டது. மறுநாள் நடந்த பல சமயக் கூட்டத்தில் பிட்ஸ்பர்க் இஸ்லாமிய மையத்தின் நிர்வாக இயக்குநர் பேசும்போது, அடுத்த வழிபாட்டின்போது வெளியே நின்று காவல் காக்க ஆள் வேண்டுமென்றாலும் நாங்கள் வருகிறோம் என்றார். முஸ்லிம்கள் தொடங்கிய நிதியில் சில நாட்களில் 2,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் கொலை நடந்தபோது, பிட்ஸ்பர்க் யூதர்கள் அங்குள்ள முஸ்லிம்களுக்காக நிதி திரட்டினர். நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெசட் நாளிதழ், காதிஷின் தொடக்கச் சொற்களை எபிரேய எழுத்திலேயே முதல் பக்கத் தலைப்பாக அச்சிட்டது. அந்தத் தாளை எங்கள் இல்லத்தில் பலர் மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை. வழிபாட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்றே அஞ்சினேன். அறை வாசலில் காவலர் ஒருவர் நின்றார். அந்தக் கதவருகே அப்படி ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் உள்ளே நாற்காலிகள் போதவில்லை. விடுமுறையில் இருந்த சமையற்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பக்கத்துத் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள், முக்காடிட்ட இரு பெண்கள், என் நேபாளத் தங்கை எல்லாரும் சுவரோரம் நின்றிருந்தோம். பெரியவர் எழுந்து தம் மக்களைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பத்தாவது சொல்லும் முடிந்தது, வழிபாட்டைத் தொடங்கலாம். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுவரோரம் நின்ற எங்கள் பக்கம் மெல்லத் திரும்பி, முதலில் நின்ற சமையற்காரரைப் பார்த்து, அந்த வசனத்தின் முதல் சொல்லை மறுபடியும் சொன்னார்.