பாகங்களை மாற்றினால் ஹைபிரிட் சைக்கிள் வேகமாக ஓடுமா?

என் தம்பியிடம் இருப்பது ஹைபிரிட் சைக்கிள்: வளைந்த ஹேண்டில்பார் கொண்ட வேகமான ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட, நேர் ஹேண்டில்பார் வகை. அதில் மாற்ற நினைக்கும் பாகங்களின் பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தான். பெரிய பல்சக்கரம் கொண்ட கிராங்க் (மிதிகட்டைகள் பொருந்தும் பகுதி), பதினொரு கியர் கொண்ட பின் அடுக்கு, எடை குறைந்த சக்கரங்கள், செராமிக் பேரிங், கார்பன் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்). அடியில் ஒரு கேள்வி: "அக்கா, இதில் எதை முதலில் மாற்றினால் என் ஹைபிரிட், ரோடு பைக் அளவுக்கு ஓடும்?" பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் டயர் இல்லை, ஹேண்டில்பாரும் இல்லை. வேகத்தை உண்மையில் தொடுகிற இரண்டும் விட்டுப்போயிருந்தன. அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஹைபிரிட் ஓட்டுகிற பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது, கைப்பணமும் இதே இடங்களில்தான் போகிறது.

மிதிக்கிற சக்தி எங்கே செலவாகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு திருகாணியைக்கூட வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். சமதரையில் ஒரு சைக்கிளைத் தடுப்பவை மூன்று: காற்று, டயர் உருளும்போது நசுங்கி மீள்வதில் வீணாகும் சக்தி, செயினிலும் பேரிங்கிலும் உராய்வு. ஏற்றத்தில் மட்டும் எடை நான்காவதாகச் சேரும். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, நிமிர்ந்த உட்காரல், தடித்த டயர், மணிக்கு 25 கி.மீ. வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றைப் பிளக்க ஏறத்தாழ 110 வாட், டயருக்கு 35 வாட்டுக்குச் சற்று மேல், செயினுக்கும் பேரிங்குக்கும் சில வாட். நான்கில் மூன்று பங்கு காற்றுக்கே போய்விடுகிறது.

காற்றின் குணம் இன்னும் கடுமையானது. வேகம் இரண்டு மடங்கானால் அதற்குத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. அதனால்தான் 20இலிருந்து 23க்குப் போவது எளிதாக இருக்கிறது, 27இலிருந்து 30க்குப் போக மூச்சு வாங்குகிறது. மேலே சொன்ன கணக்கில் 25 கி.மீ. வேகத்தில் ஒரு கி.மீ. கூட்ட ஏறத்தாழ 15 வாட் வேண்டும். ஒரு பாகம் இரண்டு வாட் மிச்சப்படுத்துகிறது என்று விளம்பரம் சொன்னால், அதை 15ஆல் வகுத்துப் பாருங்கள். வேகமானியில் தெரியவே தெரியாத அளவு அது.

அந்தக் காற்று மோதுவது எதன் மேல்? பெரும்பகுதி உங்கள் மார்பிலும் தோளிலும் முகத்திலும்தான். சைக்கிளின் பங்கு அதில் சிறியது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று ஒரு மணி நேரச் சாதனையின் வரலாறு. 1972இல் பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். 1996இல் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன் கைகளை முன்னால் முழுக்க நீட்டிய நிலையில் 56.375 கி.மீ. போனார். பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம், மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளை ஒத்த சைக்கிளில், பழைய நிலையில் உட்கார்ந்து ஓட்டினால்தான் சாதனை என்று விதி வகுத்தது. 2000இல் அதே போர்ட்மன் அந்த விதிப்படி ஓட்டியது 49.441 கி.மீ. ஏறத்தாழ ஏழு கி.மீ. போய்விட்டது. இடையில் அவருக்கு நான்கு வயது கூடியிருந்தது, சைக்கிளின் ஃபிரேமும் சக்கரங்களும் மாறியிருந்தன என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்த ஏழில் பெரும்பங்கைத் தின்றது காற்றுதான். இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் 45.055 கி.மீ. ஓட்டி, பத்தொன்பது ஆண்டுகளாக நின்றிருந்த சாதனையைத் தாண்டினார். அவர் முதல் வரிசை வீரர் அல்லர். அடுத்த ஆண்டே சங்கம் அந்த வகைச் சைக்கிளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. உடலின் நிலையை மாற்றுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அந்தத் தடையே சொல்லிவிடுகிறது.

ஹைபிரிட்டில் இதை எப்படிச் செய்வது? ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதற்குக் கீழே இருக்கும் வளையங்களை எடுத்து மேலே போட்டால் ஹேண்டில்பார் ஓரிரு சென்டிமீட்டர் இறங்கும். பல ஹைபிரிட்டுகளில் ஸ்டெம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதைக் கழற்றித் தலைகீழாகப் பொருத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இரண்டுக்கும் ஒரு ஆலன் சாவியும் பொறுமையும் போதும். (மேல் மூடித் திருகை முதலில் இறுக்கி, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகே பக்கவாட்டுத் திருகுகளை இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட் ஆடும்.) அகலமான நேர் ஹேண்டில்பாரைத் தோள் அகலத்துக்கு ஏற்றபடி இரு முனையிலும் சமமாக வெட்டிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது, பார் எண்ட் எனும் சிறு கொம்புகளைக் கைப்பிடிக்கு வெளியே பொருத்தாமல் பிரேக் நெம்புகோலுக்கு உள்ளே பொருத்துவது. கைகள் நெருங்குகின்றன, முழங்கை தானாக மடங்குகிறது, தோள் சுருங்குகிறது. எதிர்காற்றில் நீண்ட நேர்ச்சாலையில் நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். பிரேக் கைக்கு எட்டாது என்பதால் கூட்டமான சாலையில் அந்தப் பிடி கூடவே கூடாது.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சரிவுக்குப் போங்கள். மேலே நின்ற இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு வாருங்கள். ஒருமுறை நிமிர்ந்து, ஒருமுறை முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்தி. எனக்குப் பழக்கமான சரிவில் நிமிர்ந்து வந்தால் அடிவாரத்தில் வேகமானி 36ஐ ஒட்டிக் காட்டும், குனிந்து வந்தால் 40ஐத் தொடும். இதற்கு எந்தப் பாகமும் வாங்கவில்லை. படபடக்கும் தொளதொளச் சட்டையைக் கழற்றி உடலோடு ஒட்டிய ஒன்றைப் போட்டாலும் வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி கேட்டது, "அப்படியென்றால் ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரையே போட்டுவிடலாமே?" போடலாம், ஆனால் நான் வேண்டாம் என்றேன். நேர் ஹேண்டில்பாரில் கைப்பிடிப் பகுதியின் விட்டம் 22.2 மி.மீ., வளைந்ததில் 23.8. இருக்கிற பிரேக் நெம்புகோலும் கியர் மாற்றியும் அதில் ஏறாது. புது நெம்புகோல் வாங்கினால் அது இழுக்கும் கம்பியின் அளவு குறைவு. பல ஹைபிரிட்டுகளில் இருக்கும் வி பிரேக்குக்கு (நீண்ட இரு கைகளால் சக்கரத்தின் வளையத்தை இறுக்கும் வகை) நீண்ட இழுப்பு வேண்டும். ஆக, பிரேக்கும் மாற வேண்டும் அல்லது இடையில் ஒரு மாற்றுக் கப்பி வேண்டும். கியரிலும் இதே தொல்லை வரலாம். எல்லாம் முடிந்து உட்கார்ந்தால், ஹைபிரிட்டின் ஃபிரேம் பொதுவாக நீளமாக வடிவமைக்கப்பட்டது, வளைந்த பார் கையை இன்னும் முன்னால் கொண்டுபோய்விடும். எட்டிப் பிடித்துக் கழுத்து வலிக்கும். இத்தனைக்கும் செலவழிப்பதற்கு நல்ல நிலையில் உள்ள பழைய ரோடு பைக் ஒன்றைத் தேடி வாங்கி, ஹைபிரிட்டை ஹைபிரிட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

இனி டயர். நான் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே பாகம் இது. ஹைபிரிட்டோடு வரும் டயர் பெரும்பாலும் கம்பி விளிம்பும், தடித்த ரப்பரும், பக்கவாட்டில் விறைப்பும் கொண்டது. கையில் எடுத்து மடக்கினால் முறுக்கிக்கொண்டு நிற்கும். உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, மடங்க மறுக்கிற ரப்பர் அந்தச் சக்தியை வெப்பமாக வீணாக்குகிறது. நூலிழை நுண்ணியதாக, ரப்பர் மெல்லியதாக இருக்கும் டயர் எளிதாக மடங்கி விரிகிறது. முன்னே போட்ட கணக்கில் அப்படிப்பட்ட டயருக்கு மாறினால் பத்துப் பன்னிரண்டு வாட் மிச்சம், அதாவது மணிக்கு முக்கால் கி.மீ. போல. உடலைத் தாழ்த்துவதில் 20 வாட் கிடைத்தால் இரண்டும் சேர்ந்து 25இல் ஓடியவர் 27ஐத் தாண்டுவார். பத்து கி.மீ. தூரத்துக்கு 24 நிமிடம் ஆனது 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாகக் குறையும். ஹைபிரிட்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இந்த அளவுதான் என்று நினைக்கிறேன், எனக்கு அது பெரிய மகிழ்ச்சியே. மெல்லிய டயர் முள்ளுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் எளிதில் இடம் கொடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் சாலை அப்படியென்றால் பஞ்சர் ஒட்டும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஒல்லியான டயர்தான் வேகம் என்பதை நான் ஏற்பதில்லை. ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் குறைவாக நசுங்குவதால் எளிதாக உருளும். கற்கள் பெயர்ந்த சாலையில் 25 மி.மீ. டயரைப் பாறை போல ஊதி ஓட்டினால் ஒவ்வொரு குலுக்கலும் உங்கள் சதையை ஆட்டுகிறது; முன்னே போக வேண்டிய சக்தி அப்படி வீணாகிறது. வழுவழுப்பான இரும்பு உருளையில் சோதிக்கும்போது அழுத்தம் கூடக்கூட எதிர்ப்பு குறைவதாகத் தெரியும், சாலையில் ஒரு கட்டத்துக்கு மேல் அது திரும்பிக் கூடத் தொடங்கும். சைக்கிள் நுட்பங்களைப் பற்றி எழுதிய ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன அளவுகோல் எனக்கு உதவுகிறது: நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் 15 சதவீதம் தாழ வேண்டும். பின்சக்கரத்தில் எடை அதிகம், அதனால் பின்னால் கொஞ்சம் கூடுதல் அழுத்தம். ஹைபிரிட்டுக்கு 32 அல்லது 35 மி.மீ. போதும். டயரின் பக்கத்தில் 37-622 என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் அகலம், 622 என்பது ரிம்மில் (சக்கரத்தின் வெளிவளையம்) டயர் அமரும் விட்டம், இரண்டும் மி.மீ.யில். இரண்டாவது எண் பழைய டயரோடு ஒத்திருக்க வேண்டும், முதல் எண் உங்கள் ரிம்மின் உள் அகலத்துக்குப் பொருந்த வேண்டும்.

பட்டியலில் இருந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராங்க்: தம்பியின் சைக்கிளில் முன்னால் 48 பல், பின்னால் சிறியது 14 பல். நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் அந்தக் கியரிலேயே மணிக்கு 40 கி.மீ. வரும். சமதரையில் அவன் 28ஐத் தாண்டுவதில்லை. அதைவிடப் பெரிய பல்சக்கரம் அவனுக்கு எதற்கு? பதினொரு கியர் அடுக்கு கியர்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்கும், கால் ஒரே தாளத்தில் சுற்ற உதவும். அது சுகம்தான், ஆனால் வேகம் இல்லை. அதற்காகப் பின்சக்கரத்தின் ஹப்பையும் (நடுப்பகுதி) மாற்ற வேண்டி வரலாம்.

செயின் பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு 1999இல் வெளியிட்ட சோதனையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. சாதாரணச் செயின் உகந்த நிலையில் 98.6 சதவீதம் சக்தியைக் கடத்தியது. பெரிய பற்சக்கரங்களும் நல்ல இழுவிசையும் இருந்தால் இழப்பு குறைவு. செயினிலேயே நூற்றுக்கு ஒன்றரை பங்குதான் வீணாகிறது; செயினும் பேரிங்கும் சேர்ந்தே சில வாட் மட்டும் தின்னும் இடத்தில் செராமிக் பேரிங் எதை மீட்கப் போகிறது? மண் படிந்த செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதும், தேய்ந்த செயினை உரிய நேரத்தில் மாற்றி பற்களைக் காப்பதும் போதுமானவை. பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். அந்த உரசல், பேரிங் மிச்சப்படுத்துவதைவிடப் பல மடங்கு தின்னும்.

எடை: சமதரையில் ஒரு கிலோ குறைத்தால் கிடைப்பது அரை வாட்கூட இல்லை. ஐந்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கி.மீ. ஏறும்போது ஒன்றரை வாட் கிடைக்கும். ஐம்பது நிமிட ஏற்றத்தில் அரை நிமிடம் மிச்சமாகும். எடை குறைந்த சக்கரம் சிக்னலில் கிளம்பும்போது துள்ளலாகத் தெரியும், சீரான ஓட்டத்தில் அந்தத் துள்ளல் வேகமாக மாறுவதில்லை.

எடைக்காக மாற்றத் தகுந்தது என்று நான் கருதுவது ஒன்றுதான்: மலிவு ஹைபிரிட்டுகளில் வரும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை. அது பல நேரங்களில் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், எழுந்து நின்று மிதிக்கும்போது அமுங்கி அமுங்கி எழும். விறைப்பான ஃபோர்க் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் குறையும், ஏற்றத்தில் மிதிப்பது நேராகச் சக்கரத்துக்குப் போகும் உணர்வு வரும். புதியதன் நீளம், சக்கர அச்சிலிருந்து கவையின் இரு கால்களும் சேரும் மேல் மகுடம் வரை, பழையதன் நீளத்தோடு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். குட்டையானதைப் போட்டால் சைக்கிளின் முன்பகுதி தாழ்ந்து, ஹேண்டில்பார் அவசரமாகத் திரும்பத் தொடங்கும்.

எதை மாற்றினாலும் முதல் ஓட்டத்தில் வேகமாகத்தான் தெரியும், புதுப் பொருளின் உற்சாகத்தில் கால் அழுத்தி மிதிக்கும். அந்த ஓட்டத்தை நம்ப வேண்டாம். காற்றில்லாத காலையில், ஒரே சாலையில், போகும்போதும் வரும்போதும், அதே இதயத்துடிப்பில் ஓட்டி நேரத்தை எழுதிவையுங்கள். சரிவில் உருண்டு பார்க்கும் சோதனை இதைவிட நேர்மையானது, அதில் கால் ஏமாற்ற வழியில்லை. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்பே ஒருமுறை சரிவுக்குப் போய் அளந்துவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.