பெம்ப்டன் பாறையில பறவைங்க சீசன்

எனக்கு சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். மார்கழி, தை மாசத்துல கோடியக்கரைக்கு பூநாரை, உள்ளான் எல்லாம் வந்து இறங்கும், அப்பா சைக்கிள்ல முன்னாடி உக்காரவச்சு கூட்டிட்டு போவார். வெயில் ஏறுறதுக்குள்ள பாதிக்கு மேல வடக்க பறந்துடும், எங்க போய் கூடு கட்டுது, குஞ்சு பொரிக்குதுன்னு நாங்க பாத்ததே கிடையாது. பறவைங்களோட அந்தப் பாதி வாழ்க்கைய நான் இங்கிலாந்துக்கு வந்துதான் பாக்குறேன்.

நாங்க இருக்கறது ஹல்ங்கற ஊர்ல. டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலைன்னு ரொம்ப சோர்ந்துபோய் இருந்தேன். கூட வேலை பாக்குற யார்க்‌ஷயர் அம்மா ஒருத்தங்கதான் மே மாசம் பெம்ப்டன் போய்ட்டு வாம்மா, அங்க கடலோரப் பாறைல பறவைங்க கூட்டம் கூட்டமா குஞ்சு பொரிக்கும்னு சொன்னாங்க. ஹல்லுலேர்ந்து ஸ்கார்பரோ போற ட்ரெயின்லயே பெம்ப்டன் ஸ்டேஷன் வந்துடுது, அங்கேர்ந்து கிராமத்து ரோட்டுல நடைதான். ரெண்டு பக்கமும் வேலி முழுக்க ஹாத்தார்ன்னு ஒரு முள்ளுச் செடி வெள்ளையா பூத்து கிடக்கும், கீழ இடுப்பளவுக்கு கௌ பார்ஸ்லிங்கற காட்டுச் செடி, அந்த நடைக்காகவே போகலாம்.

முதல்ல வர்றது வாசனை, ஆமா, நம்ம மீன் மார்க்கெட் வாசனையேதான், அப்புறம் சத்தம். கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்துக்கு செங்குத்தா வெள்ளை சுண்ணாம்புப் பாறை, அதுல விரல்கடை அளவு திட்டு கிடைச்சாலும் ஒரு பறவை. சீசன்ல 5 லட்சம் பறவை வரை சேருதாம். அதுல கில்லமாட்னு ஒரு கடல் பறவை, அது கூடே கட்டாது, வெறும் பாறைலதான் முட்டை, ஒரு பக்கம் கூம்பின முட்டைங்கறதால சட்டுனு உருண்டு ஓடாது. பஃபின்னு இன்னொரு பறவை மத்த இடத்துல மண்ணுல வளை தோண்டும், இங்க பாறை இடுக்குல ஒளிஞ்சிருக்கும், ஆரஞ்சு கால் தெரியுதான்னு பொறுமையா பாக்கணும்.

ஆனா எனக்கு உயிரே கேனட்ங்கற பெரிய கடல் பறவைதான். றெக்கைய விரிச்சா ரெண்டு மீட்டர் கிட்ட வரும். பாறை உச்சில ரெட் கேம்பியன்னு ரோஸ் கலர் பூ மண்டிக் கிடக்கும் பாருங்க, கேனட் அங்க இறங்கி புல்லோட அந்தப் பூவையும் கொத்தா பிடுங்கிக்கிட்டு, அலகுல பூ தொங்க கடல் மேல ஒரு சுத்து சுத்தி, கூட்டுல இருக்கற ஜோடிகிட்ட கொண்டுபோய் குடுக்குது, ரெண்டும் கழுத்த நீட்டி அலகோட அலகு உரசிக்கும். இத பாத்துட்டு நான் வேலியப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னேன், காத்துல காது வலிச்சதுகூட தெரியல.

இதே கரைல ஒரு காலத்துல படகுல வந்து பறவைங்கள விளையாட்டுக்கு சுட்டுத் தள்ளியிருக்காங்க, கிட்டிவேக்ங்கற கடல் பறவையோட றெக்கைய தொப்பில குத்திக்கவும்தான். அத நிறுத்தத்தான் 1869லயே கடல் பறவைங்களுக்குன்னு சட்டம் வந்துச்சு. கயித்துல தொங்கி முட்டை எடுக்கறது மட்டும் 1954 வரைக்கும் நடந்திருக்கு.

போறவங்க மே, ஜூன்ல போங்க, ஜூலை முடியறதுக்குள்ள பஃபின் கடலுக்கு கிளம்பிடும். வெயில் அடிச்சாலும் காதுக்கு குல்லா வேணும். பைனாகுலர் இல்லாட்டி பரவால்ல, கேனட் கைக்கெட்டுற தூரத்துல பறக்கும். கில்லமாட் குஞ்சு பறக்கத் தெரியறதுக்கு முன்னாடியே அந்த உயரத்துலேர்ந்து கடல்ல குதிக்குமாம், கீழ தண்ணில அப்பன் நின்னு கூப்பிடுமாம். அத பாக்க ஜூன் கடைசில மறுபடி போறோம், இந்த தடவை அப்பாவும் ஊர்லேர்ந்து வர்றார்.