மின்சாரத்தில் பியர் காய்ச்சுபவர்கள் வீடு மாறும்போது

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்களில் நிறையப் பேர் கேஸ் பர்னரை விட்டுவிட்டு 240 வோல்ட் மின்சாரத்துக்கு வந்துவிட்டார்கள். வீடு மாறும்போதுதான் இதன் சிக்கல் தெரியும். கெட்டில், பம்ப், கன்ட்ரோல் பெட்டி எல்லாம் வண்டியேறி வந்துவிடும். மின்சாரமும் தண்ணீரும் ஆவி போகிற வழியும் பழைய வீட்டோடு தங்கிவிடும். அதனால் கொதி வரும் நேரம், ஆவியாகும் அளவு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் எண்கள் எதையும் புது வீட்டில் அப்படியே நம்ப வேண்டாம்.

பரவலாக இருக்கும் ஒரு அமைப்பையே எடுத்துக்கொள்வோம்: சுமார் 57 லிட்டர் கெட்டில், அதற்குள் தண்ணீரைச் சூடாக்கும் 5500 வாட் எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் கன்ட்ரோல் பெட்டி.

வீடு பார்க்கப் போகும்போதே பிரேக்கர் பேனலைத் திறந்து பாருங்கள். 5500 வாட் எலிமென்ட் 240 வோல்ட்டில் ஏறக்குறைய 23 ஆம்பியர் இழுக்கும். தொடர்ந்து ஓடும் சுமை பிரேக்கர் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள விதி; 30 ஆம்பியருக்கு அது 24. எலிமென்ட் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் அதே லைனில் வேறு எதையும் சேர்க்க இடமில்லை. ஒயர் 10 கேஜ் (தடிமன் எண்) செம்பாக இருக்க வேண்டும். இரண்டு எலிமென்ட்டை ஒரே நேரத்தில் ஓட்டுபவர்களுக்கு இதைவிடப் பெரிய லைனும் தடித்த ஒயரும் தேவை.

"துணி உலர்த்தும் மெஷினுக்கு 30 ஆம்பியர் பிளக் இருக்கிறதே, அது போதும்" என்று நினைப்பவர்கள் அதில் எத்தனை துளை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1996-க்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் மூன்று துளைதான் இருக்கும்: இரண்டு லைவ், ஒரு நியூட்ரல். நம் ஊரில் எர்த் என்போமே, அது அதில் கிடையாது. நான்கு கால் பிளக்கை அடாப்டர் போட்டு இதில் செருகிவிடலாம். எலிமென்ட் சூடாகும், பம்ப் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். எலிமென்ட்டில் கசிவு வந்தால் மட்டும் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் ஸ்டீல் கெட்டில் முழுக்க ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டு ஈரக் கையால் அதைத் தொடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து, பெர்மிட் எடுத்து, நான்கு ஒயர் லைனை இழுத்துவிடுங்கள்.

அதோடு மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கரும் வேண்டும். ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இது ட்ரிப் ஆகிவிடும். புது வீட்டில் ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆனால் பிரேக்கரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். கன்ட்ரோல் பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்காவது சேர்ந்திருக்கலாம். சாதாரண பிரேக்கர் இதைப் பொறுத்துக்கொள்ளும், ஜிஎஃப்சிஐ பொறுக்காது. இல்லையென்றால் பல மாதம் ஸ்டோரேஜில் கிடந்த எலிமென்ட்டின் உள் இன்சுலேஷன் ஈரம் குடித்திருக்கலாம்.

எலிமென்ட்டைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு எலிமென்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே அளந்தால் 10.5 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே இணைப்பு இருப்பதாகவே காட்டக்கூடாது. அடிப்பகுதியில் பச்சையாகவோ துருவாகவோ கறை தெரிந்தால் சிலிகான் வாஷர் கசிந்திருக்கிறது என்று பொருள், வாஷரை மாற்றிவிடுங்கள்.

அபார்ட்மென்ட்டுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: பல கட்டடங்களில் 240 கிடையாது, 208 வோல்ட்தான். அதே எலிமென்ட் அங்கே 4100 வாட் அளவுதான் தரும். 30 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க, இழப்பைச் சேர்க்காமல், 240-இல் அரை மணி நேரம் ஆகும். 208-இல் 40 நிமிடத்துக்கு மேல். 120 வோல்ட்டில் கால் பங்கு சக்திதான், அதில் நல்ல கொதியே வராது.

பேக்கிங்கில் சொல்ல அதிகமில்லை. கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து போட்டோ எடுங்கள், ஒயர்களுக்கு லேபிள் ஒட்டுங்கள். பம்ப், கொதித்ததை ஆறவைக்கும் சில்லர், ஹோஸ் எல்லாவற்றிலும் தண்ணீரைச் சொட்டில்லாமல் வடியுங்கள். குளிர்காலத்தில் வண்டியிலேயே உறைந்தால் பிளேட் சில்லர் பிளந்துவிடும். நொதித்துக்கொண்டிருக்கும் பியரை ஏற்ற வேண்டாம், மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே காய்ச்சுவதை நிறுத்திவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மூவர்ஸ் வாங்க மாட்டார்கள். கடையில் காலியாகக் கொடுத்துவிட்டுப் புது ஊரில் மாற்றிக்கொள்வது நல்லது. இறக்கியதும் முதல் வேலை கன்ட்ரோல் பெட்டியின் ஸ்க்ரூக்களை எல்லாம் ஒரு சுற்று முடுக்குவது. வண்டி அதிர்வில் கால் சுற்று தளர்ந்த ஸ்க்ரூ 23 ஆம்பியரில் சூடேறி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

ஆவிதான் பலர் கணக்கில் விடுவது. ஒரு மணி நேரக் கொதியில் நான்கைந்து லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. கராஜில் கதவைத் திறந்து வைத்துச் சமாளித்திருப்பீர்கள். பேஸ்மென்ட்டில் அது சுவரிலும் கூரையிலும் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். கெட்டிலைவிட அகலமான ஹுட், 6 இன்ச் குழாய், ஃபேன், வெளிச்சுவரில் துளை என்று ஏற்பாடு செய்ய வேண்டும். குழாய் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே குளிர்ந்த நீர் கெட்டிலுக்குள்ளேயே திரும்பச் சொட்டும். அதே அறையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது ஹீட்டரின் புகை புகைபோக்கி வழியாக மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். எனவே ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும், அலாரமும் மாட்ட வேண்டும்.

புது ஊரின் தண்ணீர் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். கிருமி கொல்ல குளோரமின் கலக்கும் ஊர் என்றால் அதை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரையை 75 லிட்டருக்கு ஒன்று பொடித்துப் போட்டால் போதும், பியரில் மருந்து வாடை வராது. வீட்டில் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருந்தால் அதற்கு முந்திய குழாயிலிருந்து பிடியுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது. தானியம் ஊறும்போது நமக்குத் தேவை கால்சியம்தான்.

மேடான ஊர் என்றால் கன்ட்ரோல் பெட்டியில் வைத்த வெப்ப அளவையும் திருத்த வேண்டும். மலைப் பக்கத்து டென்வர் நகரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 100-இல் அலாரம் வைத்திருந்தால் அது அடிக்கவே அடிக்காது, கெட்டில் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் குறைவாகத்தான் இறங்கும். கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

தானியம் வாங்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் ஒரு நாள் முழுசாக ஓட்டிப் பாருங்கள். எலிமென்ட் முழுக்க மூழ்கிய பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். உலர்ந்து ஓடினால் சில நொடியில் எரிந்துபோகும். பம்ப்பைக் கெட்டிலுக்குக் கீழே வைத்து, ஹோஸில் தண்ணீர் நிரம்பிய பிறகு போடுங்கள். 30 லிட்டர் அளந்து ஊற்றி, கொதி வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பாதியில் ஒருமுறை பிளக் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சூடு தெரிந்தால் அணைத்துவிட்டு இணைப்பைச் சரிசெய்யுங்கள். முடிந்ததும் ஆறவிட்டு மீதியை அளந்து, குறைந்த லிட்டரை நோட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.