தாளுக்கு முன் தாளம்

எங்கள் பட்டறையில் முதல் நாள் மதியச் சாப்பாடு வரை தாளும் பேனாவும் யாருக்கும் கொடுப்பதில்லை. எழுத்துப் பட்டறை என்று அழைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுத விடாமல் வைத்திருக்கிறீர்களே என்று பெற்றோர் ஒருவர் இந்த முறையும் கேட்டார். சாத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தின் நூலகத்தில், கோடை விடுமுறையில், 15 முதல் 18 வயது வரையுள்ள 22 பேருக்காக இரண்டு நாள் நடத்திய பட்டறை இது. அவருக்கு அன்று வாசலில் நின்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பேனாவைக் கையில் கொடுத்தவுடன் பிள்ளைகளின் மொழி மாறிவிடுகிறது. ஒரு நிமிடம் முன்பு வரை பேருந்தில் நடந்த சண்டையை நடத்துநரின் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்த பையன், தாளைக் கண்டதும் நிலவையும் ரோஜாவையும் அழைத்துவந்து உட்கார வைக்கிறான். மேடையில் பேசச் சொன்னாலோ, தொலைக்காட்சிக் கவியரங்குகளில் கேட்ட கனத்த குரல் தொண்டைக்குள் புகுந்துகொள்கிறது. கைதட்டலுக்கு இடம்விட்டு, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்கிறார்கள். கவியரங்கின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் குரல் அவர்களுடையது இல்லை என்பதை அவர்களே கேட்டு உணர வேண்டும். அதனால் காலை முழுவதும் வட்டமாக உட்கார்ந்து, அன்று வீட்டிலிருந்து கிளம்பியது முதல் காதில் விழுந்த பேச்சை, விழுந்தபடியே சொல்வதுதான் வேலை.

பிறகு தாளத்துக்கு வருகிறோம். கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம்தான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பிள்ளைகள் இலக்கண வகுப்பில் படித்துத் தேர்வில் எழுதியவர்கள்தாம். ஆனால் அந்த நொடியைத் தங்கள் விரலால் ஒருமுறையும் நொடித்துப் பார்த்ததில்லை. ‘வருகிறார்கள்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி எண்ணச் சொன்னேன்: 7 மாத்திரை. அதையே அவர்கள் வீட்டில் சொல்வதுபோல் ‘வர்றாங்க’ என்று எழுதி எண்ணச் சொன்னேன்: 5 மாத்திரை. தாளக் கணக்கில் ஏழு எண்ணும் நடைக்கு மிஸ்ரம் என்று பெயர், வாயால் சொன்னால் தகிட தகதிமி. ஐந்து எண்ணும் நடை கண்டம், தக தகிட. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் சொல்லால் மட்டும் வேறுபடவில்லை, நடையாலேயே வேறுபடுகின்றன என்பதைச் சொல்லி விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் தொடையில் தட்டியபோது அறை முழுவதும் அது கேட்டது. இரண்டில் எது உயர்ந்தது என்று ஒரு பெண் கேட்டாள். எந்த இடத்தில் எது வேண்டும் என்று உன் காது சொல்கிறதோ அது என்றேன்.

இந்த மண்ணில் இதற்கு முன்னோடி தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கும் கழுகுமலை முருகன் மீதுதான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தைப் பாடினார். காவடி சுமந்து நடப்பவர்களின் காலடிக்குப் பொருந்திய சந்தம் அது. ஒரு சிந்தைச் சொல்லிக்கொண்டே ஊருணியைச் சுற்றி நடந்தோம். நடையும் சொல்லும் எங்கே கூடுகின்றன என்பது இரண்டாம் சுற்றிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் நாள் காலை பறைக் கலைஞர் ஒருவர் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோல் பறை என்பதால் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். நூலகத்துக்குள் அதற்கு வழியில்லாததால் ஊருணிக் கரையில் காய்ந்த மட்டைகளைக் கொளுத்தினோம். அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லித்தந்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் இதே பட்டறையை நடத்த ஒப்புக்கொண்டவர்கள், பறை வருகிறது என்று தெரிந்ததும், சாவுக்கு அடிக்கிற மேளம் பள்ளிக்குள் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். கருவியின் பெயரால் அவர்கள் வெளியே நிறுத்தியது யாரை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டறையை நான் நடத்தவில்லை. அதற்குப் பிறகு, பறை வரும் இடத்துக்கு மட்டுமே வருவேன் என்பதையும், எழுதக் கற்றுத்தரும் கவிஞருக்கு என்ன தொகையோ அதே தொகை கலைஞருக்கும் உண்டு என்பதையும் முதலிலேயே பேசிவிடுகிறேன்.

அவருடைய பாடம் மிகச் சிறியது. ஒரு பையன் வரிகளைச் சொல்லச் சொல்ல அவர் இடைவிடாமல் அடிப்பார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ, “நீ மூச்சு வாங்குற எடத்துல நான் அடிக்கிறேன் தம்பி, நீ பேசயில சும்மா இருக்கேன்” என்றார். அதன் பிறகுதான் தங்கள் வரிகளில் மூச்சு வாங்கவே இடமில்லை என்பதைப் பலர் கவனித்தார்கள். கேட்பவரை அழுத்துவதற்காகச் சேர்த்திருந்த அடைமொழிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான் பத்து முறை சிவப்பு மையால் அடித்திருந்தாலும் அது நடந்திருக்காது.

அந்தப் பையனின் தாய் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் வேலை செய்கிறார். முதலில் அவன் எழுதியது, அம்மா தெய்வம், அம்மா தியாகம் என்று போனது. அம்மா வேலை முடிந்து வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன். கை கழுவுவார் என்றான். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து எழுதினான். அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டால் சோப்புக்கு எளிதில் போகாது. அவன் கொண்டுவந்தது இது:

எங்கம்மா சோறு பிசைஞ்சா
வெரலு மின்னும்.
கழுவிக் கழுவியும் போகாத வெள்ளி.
கல்யாணத்துக்குக்கூட வாங்காத வெள்ளி.

நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

ஒரு பெண் தன் அப்பத்தாவின் ஒப்பாரியைக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் பாட மறுத்தாள். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடினால் அங்கே சாவை அழைத்தது போலாகும் என்பது ஊரின் நம்பிக்கை. பயிற்சிக்காக அந்த நம்பிக்கையை மீறச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பாடாமல், அது எப்படிக் கட்டப்படுகிறது என்று மட்டும் அவள் சொன்னாள்: முதல் இரண்டு வரியில் பொன்னும் பூவும் பந்தலுமாக வாழ்ந்த வாழ்வு வரும், அடுத்த இரண்டு வரியில் அதே சொற்கள் திரும்பி வந்து இழப்பாக மாறும், ராகம் நிலையானது, சொல் மட்டும் இறந்தவருக்கு ஏற்ப அந்த நேரத்தில் பிறக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், நூறு பேர் சூழ்ந்திருக்க, எதுகை தவறாமல் அந்தக் கணத்தில் கட்டும் செய்யுள் அது. இதற்கு மேல் ஒரு படைப்பிலக்கியப் பாடத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது? அன்று மதியம் அந்தக் கட்டமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வற்றிய கிணற்றுக்கும் வெட்டிய வேப்பமரத்துக்கும் நின்றுபோன பேருந்துக்கும் எல்லாரும் நான்கு நான்கு வரி எழுதினார்கள்.

ஒலிவாங்கிப் பயிற்சிக்கு அரை மணி நேரம் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், பகரத்தில் காற்று அடிக்காமல் முகத்தைச் சற்றே சாய்க்க வேண்டும், கைபேசியைப் பார்த்துப் படிக்கக் கூடாது.

மாலையில் ஆளுக்கு 3 நிமிடம். ஆலையிலிருந்து நேரே வந்த தாய்மார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பையன் தாளில்லாமல் சொன்னான். கடைசி ‘வெள்ளி’க்கு முன் கலைஞர் கையை நிறுத்திவிட்டார். கைதட்டல் வரக் கொஞ்சம் நேரமானது. அவனுடைய அம்மா தன் விரல்களைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதையும், பிறகு வெளியே எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அடுத்த பட்டறையைத் தீபாவளி கழிந்த பிறகுதான் வைக்கிறோம். அதற்கு முன்பு அந்த ஊர்ப் பெண்கள் யாருக்கும் ஓய்வு கிடைக்காது. அந்தப் பெண்ணின் அப்பத்தாவையும் அழைத்திருக்கிறோம். வீட்டுக்குள்ளும் நூலகத்துக்குள்ளும் பாட மாட்டாராம். ஊருணிக் கரை என்றால் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.