தாள்ல அடிச்ச சாப்

போன மாசம் எங்க கன்டெய்னர் ஒண்ணு சாமான் போற நாட்டுத் துறைமுகத்துல எட்டு நாளு சும்மா கெடந்துச்சு. உள்ள ரப்பர் கையுறை, கெட்டுப்போற சாமான் இல்ல, அந்த மட்டும் தப்பிச்சோம். என்ன விஷயம்னா சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின்ல, அதான் சாமான் எந்த நாட்டுதுன்னு சொல்ற தாள்ல, கையெழுத்துப் போடுற ஆபீசர் மாறிட்டாரு, புது ஆளோட மாதிரிக் கையெழுத்தும் சாப்பும், அதான் முத்திரையும், அந்த நாட்டு கஸ்டம்ஸ் ஃபைல்ல இன்னும் ஏறல. சாமான் சரி, எடை சரி, ஏற்றுமதிக்கான கே2 ஃபார்ம் சரி, பணமும் கட்டியாச்சு, ஆனா அந்த வட்டச் சாப்ப அவங்களுக்கு அடையாளம் தெரியல, அவ்வளவுதான். டெமரேஜ், அதான் தாமதக் கட்டணம், ஓடிக்கிட்டே இருக்கு, எங்க முதலாளி தவுக்கே என் மேசைக்கும் அவரு ரூமுக்கும் நடக்குறாரு, நான் போனக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மலேசியாவுல பட்டர்வொர்த்துல சரக்கு அனுப்புற ஃபார்வர்டிங் வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், கப்பல நகத்துறது இன்ஜின் இல்ல, சாப்.

அந்த எட்டு நாளுல ஒரு ராத்திரிதான் அக்கா போன் பண்ணுச்சு. அக்கா மகன் சைப்ரஸ் தீவுல வடக்குப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறான், ஃபீஸ் கம்மின்னு போனவன். தீபாவளிக்கு முறுக்கும் ஒரு பாட்டில் சம்பலும் அனுப்பணுமாம், அட்ரஸ் கேட்டா பையன் "மெர்சின் 10, துருக்கி"ன்னு எழுதச் சொல்றான். "ஏன்டா தம்பி, இவன் சைப்ரஸ்லதான இருக்கான், எதுக்குத் துருக்கின்னு எழுதச் சொல்றான், ஏஜெண்ட்டு ஏமாத்தி வேற எங்கயாவது கொண்டு போயி விட்டுட்டானா"ன்னு அக்காவுக்குப் பதட்டம். நான் சிரிச்சுட்டேன், அப்புறம் சிரிச்சது தப்புன்னு தோணுச்சு. ஏன்னா அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னா அம்பது வருஷக் கதையச் சொல்லணும்.

அந்த வடக்குப் பக்கம் 1983ல தன்னத்தானே தனி நாடுன்னு அறிவிச்சுக்கிச்சு, துருக்கியத் தவிர யாரும் ஏத்துக்கல. ஏத்துக்காத நாட்டுக்கு உலகத் தபால்ல எடமில்ல. அதனால தபாலெல்லாம் துருக்கியோட மெர்சின் ஊருக்குப் போயி அங்கேருந்து கடல் தாண்டுது. பையன் போன விதமும் அதேதான், கோலாலம்பூர்ல, அதான் கேஎல்ல, ஏறி இஸ்தான்புல்ல எறங்கி அங்கேருந்து எர்ஜான் ஏர்போர்ட்டு. எர்ஜானுக்குத் துருக்கியத் தொடாம வேற எந்த நாட்டுலேருந்தும் நேரா பிளைட் கிடையாது. இதுல இன்னொரு கூத்து இருக்கு. அந்த வானத்தப் பார்த்துக்குற பொறுப்பு உலகக் கணக்குல தெக்குப் பக்கம் நிக்கோசியா கன்ட்ரோலுக்கு, ஆனா வடக்குலேருந்து எர்ஜான் கன்ட்ரோலும் பேசுது. துருக்கிப் பக்கத்துலேருந்து வர்ற பைலட்டுக்கு ஒரே வானத்துல ரெண்டு குரல், நான் சொல்றதக் கேளு, இல்ல நான் சொல்றதக் கேளுன்னு. மருமக வீட்டுக்கு வந்த அன்னைக்கே மாமியாரும் நாத்தனாரும் ஆளுக்கொரு கரண்டியத் தூக்கிக் குடுத்தா எப்படியிருக்கும், அப்படி.

கதைய ரொம்ப நீட்ட மாட்டேன். 1960ல வெள்ளக்காரன் கிட்டேருந்து சுதந்திரம், கிரேக்கம் பேசுறவங்களும் துருக்கி பேசுறவங்களும் சேர்ந்து ஒரே அரசாங்கம். மூணே வருஷம், 1963 டிசம்பர்ல வெட்டுக்குத்து. ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் பச்சப் பென்சில்ல தலைநகரம் நிக்கோசியா மேப்புல ஒரு கோடு கிழிச்சாரு, அதுக்கு இன்னைக்கும் பேரு பச்சக் கோடு. அடுத்த வருஷம் ஐநா படை வந்துச்சு, இன்னும் அங்கேதான் இருக்கு. 1974 ஜூலைல கிரீஸ் ராணுவ ஆட்சி தூண்டி ஒரு கலகம், அஞ்சு நாள்ல துருக்கிப் படை எறங்குச்சு, தீவு ரெண்டாப் பொளந்துச்சு. ரெண்டு பக்கமும் வீட்டப் பூட்டிட்டு சாவிய எடுத்துக்கிட்டு ஓடுன சனங்க. யாரு மேல தப்புன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல, ரெண்டு பக்கமும் காணாமப் போனவங்க லிஸ்ட்ல மட்டும் ரெண்டாயிரம் பேரு.

என் கண்ணு போனது ஏர்போர்ட்டு, துறைமுகம் மேலதான், தொழில் புத்தி. நிக்கோசியா ஏர்போர்ட்டுக்குப் புது டெர்மினல் கட்டித் திறந்தது 1968ல, ஆறே வருஷத்துல மூடியாச்சு. அது ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஐநா கையில மாட்டிக்கிச்சு, உள்ள நாற்காலியெல்லாம் புறா எச்சம், வெளிய ஓடுபாதைப் பக்கம் சைப்ரஸ் ஏர்வேஸோட டிரைடென்ட் விமானம் ஒண்ணு இன்னும் துருப்புடிச்சு நிக்குது. தெக்குக்காரங்க அவசர அவசரமா லார்னகாவுல ஏர்போர்ட்டு போட்டாங்க, வடக்குக்காரங்க எர்ஜான். ரெண்டு பேருக்கும் பக்கத்துல இருந்த ஒண்ணு ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு.

ஃபமகுஸ்டா துறைமுகம் இன்னும் வயித்தெரிச்சல். 74க்கு முன்னாடி தீவோட சரக்குல பெரும்பகுதி அங்கேதான் எறங்கும், பக்கத்துலயே வரோஷா, பெரிய பெரிய ஹோட்டலு. துறைமுகம் வடக்கு கைக்குப் போச்சு. அந்த அக்டோபர்லயே தெக்கு அரசாங்கம் அந்தத் துறைமுகத்த மூடியாச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. கப்பல் வருது, ஆனா சட்டப்படி துறைமுகம் மூடியிருக்கு, எங்க தொழில்ல இருக்குறவனுக்கு இதக் கேட்டா தல சுத்தும். வரோஷாவுல ஆள் யாரும் இல்லாம கம்பி வேலி போட்டு வச்சாங்க, அங்க இருந்தவங்களத் தவிர வேற யாரையும் குடியேத்தக் கூடாதுன்னு 1984ல ஐநா பாதுகாப்பு சபை தீர்மானமே போட்டுச்சு. 2020ல கடற்கரைப் பக்கம் கொஞ்சம் திறந்துவிட்டாங்க, சைக்கிள் வாடகைக்கு எடுத்து இடிஞ்ச ஹோட்டலுங்களச் சுத்திப் பார்க்கலாமாம், பையன் போட்டோ அனுப்பினான், எனக்குப் பார்க்கப் புடிக்கல.

சரி, இதையெல்லாம் வச்சே நம்பிக்கைய வளர்க்கலாமேன்னு பெரியவங்க யோசிக்காம இல்ல. 1993ல புட்ரோஸ் காலி ஐநா பொதுச் செயலாளரா இருந்தப்ப ஒரு கணக்குப் போட்டாரு, வரோஷா ஐநா நிர்வாகத்துல திரும்பத் திறக்கட்டும், தெக்குக்காரங்க வீட்டுக்கு வரட்டும், நிக்கோசியா ஏர்போர்ட்ட ஐநா நடத்தட்டும், ரெண்டு பக்கமும் ஏறி எறங்கட்டும். கேக்க எவ்வளவு நல்லாயிருக்கு. 1994ல அது படுத்துச்சு. அதே வருஷம் ஐரோப்பிய கோர்ட்டுல வேற ஒரு தீர்ப்பு வந்துச்சு, வடக்குலேருந்து போற ஆரஞ்சு, எலுமிச்சை, உருளைக்கெழங்குக்கு வடக்குக்காரங்க குடுக்குற சர்டிஃபிகேட் செல்லாது, சைப்ரஸ் குடியரசோட, அதாவது தெக்கு அரசாங்கத்தோட சாப்தான் வேணும்னு. அதுவரைக்கும் இங்கிலாந்துக்கு இந்தப் பழம் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. பழம் அதேதான், மரமும் அதேதான்.

2006ல ஃபின்லாந்துக்காரங்க முயற்சி பண்ணாங்க. ஃபமகுஸ்டாவ ஐரோப்பிய யூனியன் மேற்பார்வையில திறக்கலாம், வரோஷாவக் கொஞ்ச காலம் ஐநா பார்த்துக்கட்டும், பதிலுக்குத் துருக்கி தன் துறைமுகத்துல சைப்ரஸ் கப்பல விடட்டும். அதுவும் தேறல, அந்த டிசம்பர்லயே துருக்கி ஐரோப்பிய யூனியன்ல சேர்றதுக்கான பேச்சுல எட்டு அத்தியாயத்த ஐரோப்பா நிறுத்தி வச்சுச்சு. எல்லாத்துலயும் முட்டிக்கிட்டது ஒரே எடத்துலதான்னு என் புத்திக்குத் தோணுது. ஏர்போர்ட்டுல என் பாஸ்போர்ட்டுல சாப் அடிக்கிறவன் யாரு? வடக்குக்காரன் அடிச்சா அவன் நாட்ட ஏத்துக்கிட்ட மாதிரி, தெக்குக்காரன் அடிச்சா வடக்குக்காரன் அடங்கிப்போன மாதிரி. சாமானும் ஆளும் யாருக்கும் பிரச்சினை இல்ல, அந்த ரெண்டு இன்ச் வட்டம்தான் பிரச்சினை.

ஆனா ஒரு எடத்துல அவங்க அசாத்தியமா யோசிச்சிருக்காங்க, அதப் படிச்சப்ப நாற்காலியில நிமிந்து உக்காந்தேன். 2004ல பச்சக் கோட்டத் தாண்டி சாமான் போறதுக்கு ஐரோப்பா ஒரு விதி கொண்டு வந்துச்சு. வடக்கு அரசாங்கத்த ஏத்துக்க முடியாது, சர்டிஃபிகேட் இல்லாமலும் சாமான் போகாது, அப்ப யாரு குடுக்குறது? வடக்குல துருக்கி பேசுறவங்களோட சேம்பர் ஆஃப் காமர்ஸ். அரசாங்கம் இல்ல, மந்திரி இல்ல, கொடி இல்ல, வியாபாரிங்க சங்கம். அவங்க அடிக்கிற சாப்ப ஏத்துக்கிறதுல யாருக்கும் மானம் போகாது. எங்க தொழில்லயும் சேம்பர் ஒரிஜின் சர்டிஃபிகேட் குடுக்குறது சாதாரணம், அந்தச் சாதாரணத்தக் கொண்டு போயி அவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவுல வச்சிருக்காங்க பாருங்க. அந்த வழியில போற சரக்கு பெருசா ஒண்ணும் இல்ல, துறைமுகம் திறந்த மாதிரியும் ஆகாது, ஆனா லாரி போகுது.

இதப் படிச்சப்ப எனக்கு தஞ்சோங் பாகார் ரயில் ஸ்டேஷன் ஞாபகம் வந்துச்சு. 1999, 2000 வாக்குல நான் சிங்கப்பூர்ல வேலை பார்த்தேன், லீவுக்கு ராத்திரி ரயில்ல கேஎல், அங்கேருந்து பட்டர்வொர்த், ஃபெர்ரி புடிச்சா வீடு. அந்த ஸ்டேஷன் சிங்கப்பூர் நடுவுல, ஆனா நம்ம மலேசியா ரயில்வே கேடிஎம்முது. 1998ல சிங்கப்பூர் தன் இமிகிரேஷன எல்லைப் பக்கம் உட்லண்ட்ஸுக்கு மாத்திருச்சு, மலேசியா மாட்டேன்னு தஞ்சோங் பாகார்லயே உக்காந்துருச்சு. அதனால முதல்ல மலேசியாவுக்குள்ள நுழைவோம், ரயில் ஏறி அரை மணி நேரம் போயி அப்புறம்தான் சிங்கப்பூர விட்டு வெளிய வருவோம்! ஒரு தடவ என் எதிர் சீட்டுல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு பாஸ்போர்ட்டப் பொரட்டிப் பொரட்டிப் பார்க்குது, மலேசியா சாப்பக் காணோம், கையில குடுத்த கார்டுல மட்டும் அடிச்சிருக்காங்க. நான் பெரிய மனுசன் மாதிரி "இட்ஸ் ஓகே லா"ன்னு சொன்னேன், எனக்கும் ஏன்னு தெரியாது. எங்க கூட வந்த ஈப்போ அங்கள் ஒருத்தரு, "ரெண்டு வீட்டுக்காரனும் வேலிய எங்க போடுறதுன்னு சண்டை போட்டா கோழிக்குத்தான்யா கஷ்டம்"னாரு.

அந்த ரயில் நிலச் சண்டை 1990ல போட்ட ஒப்பந்தத்துலேருந்து இருபது வருஷம் இழுத்துச்சு, 2010ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க நஜிப்பும் லீ சியன் லூங்கும் நிலத்துக்கு நிலம் மாத்தி முடிச்சாங்க. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில ஜொகூர் சுல்தானே ஓட்டினாரு. மறுநாள்லேருந்து ரெண்டு சாப்பும் உட்லண்ட்ஸ்ல ஒரே கட்டடத்துல. நம்ம சண்டைய சைப்ரஸ் சண்டையோட வைக்கக் கூடாதுதான், இங்க யாரும் வீட்டப் பூட்டிட்டு ஓடல, ஒருத்தரும் சாகல. ஆனா பாஸ்போர்ட்டுல அடிக்காம தாள்ல அடிக்கிற அந்தத் தந்திரம் இருக்கே, அங்கயும் அதேதான். 2003ல கோட்டத் திறந்துவிட்டதுலேருந்து வடக்குக்குள்ள போறவங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிச் சாப் அடிச்சுக் குடுப்பாங்க, பாஸ்போர்ட்டுல வடக்குச் சாப் விழக்கூடாதுன்னு. அந்தச் சீட்ட 2015 மே மாசம் தூக்கினாங்க, தூக்கினவரு அப்பத்தான் வடக்குக்குத் தலைவரா வந்த முஸ்தஃபா அக்கின்ஜி.

இந்த மனுசனப் பத்தித் தேடுனப்பதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் கெடைச்சது. எழுபதுகள் கடைசியில இவரு வடக்கு நிக்கோசியா மேயர், தெக்குல மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடெஸ். ஊரு ரெண்டாப் பொளந்து நாலஞ்சு வருஷம்தான் ஆச்சு, நடுவுல கம்பி வேலி, சிப்பாய். ஆனா சாக்கடைக் குழாய் பொளக்கல. தெக்கு வீட்டுக் கழிவையும் சுத்தம் பண்ற எடம் வடக்குப் பக்கம், சரிவும் அங்கேதான். ரெண்டு மேயரும் உக்காந்து பேசி ஊருக்கே ஒரே சாக்கடைத் திட்டம்னு முடிச்சாங்க, 1980ல ஓட ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஓடுது. மேல கோடு, கீழ எல்லாம் ஒண்ணாக் கலந்து போகுது. சாக்கடைக்கு யாரும் சாப் கேக்குறதில்ல பாருங்க. 2011ல தெக்குப் பக்கம் ஒரு கடற்படை முகாம்ல வெடிச்சு பக்கத்து பவர் ஸ்டேஷனே போச்சு, அப்ப வடக்குலேருந்துதான் கரண்ட் வாங்கினாங்க.

நம்ம பினாங்குலயும் 2017லேருந்து தைப்பூசத்துக்கு வெள்ளி ரதமும் தங்க ரதமும் தனித்தனியாத்தான் போகுது, எதுக்கு ரெண்டுன்னு காப்பிக் கடையில இன்னும் பேசுறாங்க. தண்ணிப்பந்தல்ல நிக்கிற பையனுங்க மோர் ஊத்துறப்ப நீ எந்த ரதம்னு கேட்டு நான் பார்த்ததில்ல. இதச் சொன்னா அக்கா, "சும்மா இருடா, ரெண்டையும் முடிச்சுப் போடாத"ன்னு திட்டுது, அதுவும் சரிதான்.

தாத்தா ராஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேருந்து பினாங்குல வந்து எறங்குனவரு. 2023ல அதே நாகப்பட்டினத்துலேருந்து யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டப்ப எங்க அம்மா டிவி முன்னாடி உக்காந்து அழுதுச்சு. எங்க குடும்பத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏம்மா அழுறன்னு கேட்டா, "மூடிக் கெடந்த தொறமுகம்டா"ன்னுச்சு, அவ்வளவுதான்.

கையுறை கன்டெய்னர் ஒன்பதாம் நாள் வெளிய வந்துருச்சு, மாதிரிக் கையெழுத்து போய்ச் சேர்ந்துருச்சு, டெமரேஜ யாரு கட்டுறதுன்னு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அக்கா பார்சலுக்கு அட்ரஸ நானே எழுதினேன், மெர்சின் 10, துருக்கின்னு பெரிய எழுத்துல. அக்கா பக்கத்துலயே நின்னு கீழ சின்னதா சைப்ரஸ்னும் எழுதுடான்னுச்சு, எழுதுனா சுத்திக்கிட்டு இருக்கும்க்கான்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள போஸ்ட் ஆபீஸ் மூடுற நேரம் வந்துருச்சு. தீபாவளி முடிஞ்சு பதினோரு நாள் கழிச்சு பையன் போட்டோ போட்டான், பெட்டி மேல எந்தச் சாப் எதுன்னு தெரியாத அளவுக்கு சாப். சம்பல் பாட்டில் தப்பிச்சுருச்சு. முறுக்கு தூளாப் போச்சாம், ரூம்ல இருக்குற பையனுங்க கரண்டி போட்டு அள்ளித் தின்னாங்களாம், மாமா அடுத்த தடவ ஓமப்பொடியா அனுப்பச் சொல்லுங்கன்னான்.