பழைய ஜீப்பின் வீல் போல்ட்: அரை அங்குலமா, 12 மி.மீட்டரா?

ஒடுகத்தூர்ப் பக்கம் மலைப்பாதையில் ஓடும் எங்கள் மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பின் பின்பக்க இடது சக்கரத்தில், ஐந்து வீல் போல்ட்டுகளில் ஒன்றின் மரை வழுக்கிவிட்டது. நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மாற்று போல்ட்டை வாங்குவதற்கு முன் அதன் மரை எது என்று உறுதி செய்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட முயற்சியை, இதே வகை வண்டி வைத்திருப்பவர்களுக்காக விரிவாகப் பதிவு செய்கிறேன்.

இந்த வண்டியில் இரண்டு வகை மரைகள் கலந்திருக்கின்றன. 1947-இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியபோது வந்த அமெரிக்க அங்குல அளவுகள், அச்சு, ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) முதலிய பாகங்களில் பின்னாளைய வண்டிகளிலும் தொடர்ந்தன, எம்.எம். 540-இன் டீசல் எஞ்சினோ பெஜோ வடிவமைப்பைச் சேர்ந்தது, அதில் மில்லிமீட்டர் கணக்கிலான மெட்ரிக் மரை. ஆகவே ஜீப் என்றால் எல்லாம் அங்குலம் என்பதும், எஞ்சினில் மெட்ரிக் இருப்பதால் சக்கரத்திலும் அதுவே இருக்கும் என்பதும் ஒருசேரத் தவறு. ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாக அளந்தே தீர வேண்டும்.

வேலூரில் ஒரு உதிரிபாகக் கடையில், கையில் கொண்டுபோன பழைய போல்ட்டைப் பார்த்ததும் அதே போன்ற ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஜீப்பின் மற்ற நட்டுகளில் ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன். கடைசி வரை தடையின்றி ஏறியது. மரை இடைவெளியைச் சரிபார்க்கும் பிட்ச் கேஜில், அங்குலத்துக்கு 20 மரை என்ற தகட்டை வைத்துப் பார்த்தபோது பல்லோடு பல் பொருந்தியது. அந்தப் போல்ட்டுக்கு உரிய நட்டும் ஜீப் நட்டும் ஒரே 19 மி.மீ. பானாவில்தான் திரும்பின. மூன்று சோதனைகளும் ‘சரி’ என்றே சொன்னாலும், நட்டை விரலால் ஆட்டியபோது பக்கவாட்டில் ஓர் ஆட்டம் தெரிந்தது. அந்த ஆட்டம் எனக்கு உறுத்தியதால் காசு கொடுக்காமல் வெர்னியர் காலிப்பரைக் கேட்டு வாங்கினேன்.

கடைப் போல்ட்டின் மரை மேல் விட்டம் 11.9 மி.மீ. சக்கரத்தில் நல்ல நிலையில் இருந்த மற்ற நான்கு போல்ட்டுகளும், வீட்டில் அளந்து குறித்திருந்தபடி, 12.6 மி.மீ. அதாவது கடைக்காரர் கொடுத்தது எம்12, 1.25 பிட்ச் (12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி கொண்ட மெட்ரிக் போல்ட்), வண்டிக்கு உரியதோ அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை கொண்ட, யூ.என்.எஃப். எனப்படும் அங்குல நுண்மரை வகை. அரை அங்குலம் 12.7 மி.மீ. என்றாலும் மரையின் முகடு சற்றுக் குறைவாகவே வெட்டப்படும் என்பதால் 12.6 சரியான அளவுதான்.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அங்குலத்துக்கு 20 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.27 மி.மீ.; மெட்ரிக்கில் 1.25. பத்து மரைக்கே 0.2 மி.மீ. வித்தியாசம்தான் வரும், இரண்டின் மரைக் கோணமும் 60 பாகை. பானா அளவும் அப்படியே: முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. ஆனால் அரை அங்குல நட்டின் உள்விட்டம் ஏறக்குறைய 11.5 மி.மீ. ஆகையால், 11.9 மி.மீ. போல்ட்டை அது பக்கத்துக்கு 0.2 மி.மீ. அளவே கவ்வும். உரிய போல்ட்டில் இந்தக் கவ்வல் அரை மி.மீட்டருக்கும் மேல். கையால் ஏற்றும்போது வழவழப்பாகப் போகும் அந்த நட்டு, இறுக்கும்போதோ, சுமையோடு வளைவில் திரும்பும்போதோ மரையை வழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு வண்டியின் சக்கரத்தை நம்பி ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதை நினைத்தால், இது அலட்சியம் செய்யக்கூடிய இடைவெளியே அல்ல.

பிறகு, மாதிரிக்கென்று கொண்டுபோன அந்தப் பழைய போல்ட்டையே, மரை தேயாத அடிப்பகுதியில் அளந்தேன். அதுவும் 11.9. எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர்கள் காலத்தில் யாரோ தவறான போல்ட்டை அடித்து மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அது வழுக்கியது. கழன்றதை மாதிரியாகக் காட்டி வாங்கியிருந்தால் அதே பழுதைத் திரும்பப் பூட்டியிருப்போம். ஆகவே அளக்க வேண்டியது பழுதான போல்ட்டை அல்ல, அதன் அண்டையில் இருப்பவற்றை. மாருதி ஜிப்சியின் வீல் போல்ட் எம்12, 1.25 பிட்ச், ஜிப்சிக்கும் ஜீப்புக்கும் ஐந்து போல்ட் அமையும் வட்டம் ஒரே 139.7 மி.மீ. என்பதால், அதன் பாகங்கள் இதில் கலந்துவிட வாய்ப்பு மிக அதிகம்.

மரையின் திசையையும் பார்த்தேன். வில்லிஸ் காலத்து ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை, உண்டு. அமெரிக்காவில் அது ஓட்டுநர் பக்கம், நம் வண்டியில் பக்கத்து இருக்கைப் பக்கம். எங்கள் ஜீப்பில் இருபுறமும் வலமரையே இருந்தது.

சரியான போல்ட் கிடைத்த பின்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. வீல் போல்ட்டின் கழுத்தில் இருக்கும் நெளிவரிகள் ஹப்பின் துளையில் இறுகி உட்கார வேண்டும். லேத் பட்டறைக்கார பாய், ஹப்பின் துளையையும் போல்ட்டின் கழுத்தையும் அளந்து பார்த்து, “துளை கெடல சார், தைரியமா ஏத்தலாம்” என்று சொன்ன பிறகே பிரஸ்ஸில் வைத்து ஏற்றச் சொன்னேன். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கழுத்து கோணலாக உட்காரக்கூடும் என்பதால் அதற்கு நான் இசையவில்லை. தவறான போல்ட்டில் ஓடிய நட்டின் மரையும் தேய்ந்திருந்ததால், கூம்பு முகம் கொண்ட புது அரை அங்குல நட்டையே போட்டு, ஐந்தையும் எதிரெதிர் வரிசையில் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பின் மறுபடி ஒருமுறை இறுக்கினோம்.