ஏறுகிற நாளும் இறங்குகிற நேரமும்

கப்பல் சுற்றுலாவுக்கு ஆட்களை அனுப்பும் வேலையில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. கப்பல் புறப்படும் அன்று காலையில் அந்த ஊரில் போய் இறங்குகிற மாதிரி விமான டிக்கெட் போடமாட்டேன். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒரு இரவு ஹோட்டல் காசு மிச்சம் பிடிக்கலாமே என்று வாதாடிவிட்டு வேறு ஏஜென்சிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். போகட்டும்.

கொழும்பில் இருப்பவருக்கு இது அதிகப்படியாகத் தெரியலாம். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதென்றால் ஏ9 வழியே வவுனியா, பிறகு அனுராதபுரம், புத்தளம் என்று இரவு முழுக்க வான் ஓட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது பெரும்பாலும் மார்கழியில். எங்களுக்கு மழை கொட்டுவதும் மார்கழியில். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவன், வீதியை நம்பி நேரக்கணக்குப் போடமாட்டான்.

கப்பல் காத்திருக்காது. விமான டிக்கெட்டையும் கப்பல் கம்பனியிடமே வாங்கியிருந்தால் அவர்கள் ஏதாவது வழி பார்ப்பார்கள். தனியாக வாங்கியிருந்தால் அது உங்கள் பாடு. ஏறுவதற்கு அரை மணி நேரக் கணக்கில் ஒரு நேரம் தருவார்கள். மத்தியானம் போல ஆட்களை ஏற்றத் தொடங்குவார்கள். புறப்பட ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கதவு மூடிவிடும். பயணிகளின் பெயர்ப்பட்டியல் அதிகாரிகளிடம் போன பிறகு கரையில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு அம்மா என்னிடம் கேட்டது இறங்குவது பற்றித்தான்.

மகன் கனடாவில். அவரால் இங்கே வர முடியாது. ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கனடா விசா மறுத்துவிட்டார்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் போகக்கூடிய சிங்கப்பூரில் சந்திப்பது என்று முடிவாயிற்று. அப்படிச் சந்திக்கிறவர்கள் நிறையப் பேர். செராங்கூன் வீதிப் பக்கம் ஒரு அறை எடுத்து, கோயிலுக்குப் போய், அழுது முடித்து வருவார்கள். இந்த மகன் மட்டும் கப்பல் வேண்டும் என்றார். மூன்று இரவு, நடுவில் பினாங்கு, திரும்பச் சிங்கப்பூர். சாப்பாடு, படுக்கை, டொக்டர் எல்லாம் ஒரே இடத்தில், அம்மாவுக்குக் கால் ஏலாது என்று காரணம் சொன்னார். கடைசியில், "அம்மா நல்ல கப்பல் ஒண்டில ஏறோணும் அண்ணை" என்றார்.

மற்றக் கப்பல் எது என்று நான் கேட்கவில்லை. 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாசியில் இருந்து வைகாசி வரை முல்லைத்தீவின் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளில் இருந்து செஞ்சிலுவைச் சங்கம் காயக்காரரையும் நோயாளரையும் கடல் வழியாகக் கொண்டுபோனது. காயக்காரரும் துணைக்குப் போனவர்களுமாகக் கிட்டத்தட்ட 14,000 பேர். அந்தக் கப்பல்களில் ஒன்றான கிறீன் ஓசனின் பெயர் எங்கள் ஆட்களுக்கு மறக்காது. கப்பல் கரைக்கு வர ஏலாது என்பதால் மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு போய் அதில் ஏற்றினார்கள். இந்த அம்மா காயப்பட்ட மகளுக்குத் துணையாகப் போனவர். புல்மோட்டையில் இறக்கினார்கள். கணவர் கரையில் நின்றவர். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அலுவலகத்தில் வைத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். சைரன் பற்றிக்கூடச் சொன்னேன். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முதலில் யோசித்தேன். பயணம் தொடங்கும்போது பாதுகாப்புப் பயிற்சி ஒன்று இருக்கும். ஏழு தரம் குறுக்கியும் ஒரு தரம் நீட்டியும் ஊதுவார்கள். 2012இல் இத்தாலிக் கரையில் கொஸ்தா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனோ அதை நடத்தியே ஆகவேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. திடீரென்று ஊதினால் பயந்துவிடுவார் என்று முன்கூட்டியே சொன்னேன். அந்த அம்மா, "ஊதட்டும் தம்பி, அதுக்கென்ன" என்றார். பிறகுதான் கேட்டார்.

"நடுவில இறங்கோணும் எண்டா இறங்கலாமோ?"

"ஏலாது அம்மா. ஏறினா திரும்பச் சிங்கப்பூரிலதான் இறங்கலாம்."

"ம்" என்றார். மேசையில் இருந்த கடவுச்சீட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். உண்மையில் முழுக்க ஏலாது என்று இல்லை. பினாங்கில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சொன்ன நேரத்துக்குள் திரும்பி ஏறுவது எல்லோரும் செய்வது. அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்வதென்றால் கம்பனிக்கு முன்கூட்டியே அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும், அந்த நாட்டுக் குடிவரவும் சம்மதிக்க வேண்டும், மிச்ச நாளுக்குக் காசு திரும்ப வராது. அமெரிக்காப் பக்கம் இன்னும் இறுக்கம்: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அவர்களுடைய ஒரு துறையில் ஏற்றிய ஆளை அவர்களுடைய இன்னொரு துறையில் இறக்கிவிட்டால், 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பொதுவாகத் தண்டம் உண்டு. பினாங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் இவ்வளவையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது? ஏலாது என்றால் வேலை முடிந்தது.

அன்று இரவு மகன் வட்ஸ்அப்பில் அழைத்தார். அம்மா வரவில்லை என்கிறாராம்.

"ஏலும் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை. ஏறினாப் பிறகு அம்மா இறங்கமாட்டா. நான் பக்கத்தில நிக்கிறன்தானே."

"நீங்களே சொல்லலாமே?"

"நான் சொன்னா நம்பமாட்டா. நீங்கள் சொன்னா நம்புவா."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதை இன்று நினைத்தாலும் சரியென்றே படுகிறது. அடுத்த கப்பலில் கணவர் வந்துவிடுவார் என்று மாத்தளன் கரையிலும் யாரோ ஒருவர் நல்ல மனதோடுதான் அந்த அம்மாவிடம் சொல்லியிருப்பார். ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். அந்த வரிசையில் நானும் போய் நிற்பதா?

ஆனால் இந்த நியாயம் இப்போது எழுதும்போது வருகிறது. அன்று இரவு எனக்கு இது தோன்றியதாக நினைவில்லை. அந்த அம்மா பினாங்கில் இறங்கி நின்றுகொண்டு, 'ஏஜென்சிக்காரத் தம்பி ஏலும் எண்டவர்' என்று சொன்னால் நாளைக்கு என் பெயர் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்திருப்பேன். இரண்டுமே காரணமாக இருக்கலாம்.

அடுத்த நாள் நானே அந்த அம்மாவை அழைத்து, முன்பு சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பினாங்கில இருந்து கொழும்புக்கு ரிக்கற் இருக்கோ?" என்றார்.

"இருக்கு. கோலாலம்பூரில மாறி வரலாம்."

"அதில ஒண்டு போட்டுத் தாங்கோ. மகனிட்டச் சொல்லவேண்டாம். நான் காசு தாறன்."

இங்கேதான் நான் சுற்றிச் சுற்றி நிற்கிறேன். பயன்படாத டிக்கெட் ஒன்றுக்கு அந்த அம்மாவிடம் காசு வாங்க மனம் வரவில்லை. பயன்படாது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மகன் சொன்னதையே நானும் நம்பினேன் போல: ஏறினால் இறங்கமாட்டார். அதனால், காசு கட்டாமல் புக்கிங் மட்டும் போட்டு, அதை அச்சடித்துக் கொடுத்தேன். விசா விண்ணப்பத்துக்கு எல்லா ஏஜென்சியிலும் எடுத்துக் கொடுப்பதுதான். பெயர், திகதி, விமான இலக்கம் எல்லாம் இருக்கும், பார்த்தால் டிக்கெட் மாதிரியே இருக்கும். காசு கட்டாவிட்டால் ஒன்றிரண்டு நாளில் தானாக விழுந்துவிடும்.

"இது புக்கிங் மட்டும்தான் அம்மா. காசு கட்டேல்லை" என்று சொன்னேன். சொன்னது நிச்சயம். அந்த நேரம் அந்த அம்மா ஒரு பொலித்தீன் பையைத் திறந்துகொண்டிருந்தார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் பழைய கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள் இருந்தன. இடம்பெயர்ந்து பழகிய ஆட்கள் எங்கே போனாலும் கொண்டுபோகிற பை. பேப்பரை நாலாக மடித்து அதற்குள் வைத்தார். "ஓம் தம்பி" என்றார். எதற்கு ஓம் என்றார் என்பது தெரியவில்லை. காசு கட்டவில்லை என்பதற்கா, பேப்பர் கிடைத்ததற்கா? இரண்டாம் தரம் சொல்லியிருக்கலாம். விழுந்துவிடும் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்தப் பேப்பரைக் கொடுத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

வாயால் ஏலும் என்று சொல்லமாட்டேன் என்றவன், அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று சில நேரம் தோன்றும். இல்லை, கேட்டவருக்கு உள்ளதை எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன் என்றும் தோன்றும். நாளுக்கு நாள் மாறுகிறது.

அந்த அம்மா போனார். முதல் நாளே போய் இறங்கினார், மகனும் அன்றே வந்துவிட்டார். அந்த இரவைப் பற்றி எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலைப் பற்றி அம்மா பிறகு சொன்னதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்: சோறு இருந்தது, உறைப்பு இல்லை, ஆட்கள் கோப்பை நிறையப் போட்டுவிட்டு வீணாக்குகிறார்கள். பினாங்கில் மகனோடு இறங்கி ஒரு கோயில் பார்த்துவிட்டு, திரும்பி ஏறவேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே கப்பலுக்குள் வந்துவிட்டாராம். அந்தத் துறைமுகத்தில் நின்றபோது பொலித்தீன் பை கையில் இருந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கடைசி நாள் காலைக்கும் நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். கப்பலை விட்டு இறங்குவதில் இரண்டு வழி. முதல் நாள் இரவே பெட்டிக்கு நிற அட்டை கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட்டால் அவர்களே இறக்கித் தருவார்கள்; உங்கள் நிறத்தைக் கூப்பிடும்போது ஆறுதலாக இறங்கலாம். அல்லது சொந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விடியற்காலை முதல் ஆளாக இறங்கலாம். மகனுக்குப் பின்னேரம் விமானம், அம்மாவுக்கு இரவு. அவசரமில்லை, கடைசிக் குழுவோடு இறங்குங்கள், இரண்டு மணி நேரம் கூட இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். பெட்டியை இரவில் வெளியே வைக்க அம்மா விடவில்லை. சாமானை வாசலில் வைத்துவிட்டு எப்படி நித்திரை கொள்வது என்று கேட்டாராம். ஐந்து மணிக்கே உடுத்தி, பெட்டியோடு கதவடியில் இருந்திருக்கிறார். முதல் ஆட்களோடு இறங்கி, மிச்சப் பகலை இரண்டு பேரும் சாங்கி விமான நிலையத்துக் கதிரைகளில் கழித்தார்கள். மகனுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. இறங்கலாம் என்றவுடன் இறங்கியிருக்கிறார்.

சாங்கியில் இருந்துதான் மகன் எனக்கு அழைத்தார். அம்மா கை கழுவப் போயிருந்தார்.

"அண்ணை, அம்மான்ர பையில பினாங்கில இருந்து கொழும்புக்கு ஒரு பேப்பர் கிடக்கு. என்னது?"

"மலேசியா விசாவுக்கு எடுத்தது" என்றேன்.

எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது. மகனிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டிருந்தார், அதைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முந்தின வாரம் இதே மகனிடம், பொய் சொல்லமாட்டேன் என்று பெரிதாகப் பேசியவனும் நான்தான். அவர் "ஓ, சரி" என்று வைத்துவிட்டார். நம்பினாரா என்றும் தெரியாது. தாயும் மகனும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று நான் ஊகிக்க முடியாது.

போன கிழமை மகன் மறுபடி எழுதியிருந்தார். அடுத்த மார்கழிக்கு ஐந்து இரவுப் பயணம் பார்க்கட்டுமாம். முதல் நாளே போய்ச் சேர்வது பற்றி இம்முறை அவராகவே எழுதியிருந்தார். அம்மாவை அழைத்து விருப்பமா என்று கேட்டேன். "பிள்ளை கேட்டா என்ன செய்யிறது" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தாமல், சந்தையில் சாமான் கேட்கிற மாதிரி, "அந்தப் பேப்பர் இந்த முறையும் ஒண்டு போட்டுத் தாங்கோ தம்பி. பழசு செல்லாதுதானே" என்றார்.

பயணம் முடிந்ததால் செல்லாது என்கிறாரா, அன்றைக்கே செல்லாது என்று தெரிந்துதான் வாங்கிப் போனாரா என்பது எனக்குப் பிடிபடவில்லை. இந்த முறை காசு கட்டிப் போடுவதா, கட்டாமல் போடுவதா என்று அந்த அம்மாவிடம் நேரே கேட்க வேண்டும். பினாங்கு, புக்கெட் இரண்டிலும் நிற்கிற கப்பல் அது. எந்தத் துறையில் இருந்து போட வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும்.